சுவிட்சைப் போட்ட கை

கல்லல் வாசகசாலையில் சந்தை நாள் சாயங்காலம் நடந்த கேள்விக் கூட்டத்துக்குப் போய் வந்தவர்கள் யாரைக் கேட்டாலும் பொன்னழகைப் பற்றி ஒரு கதை வைத்திருப்பார்கள். நிலாவில் மனிதன் இறங்கிய வருடம், ஊரே ரேடியோவைச் சுற்றி வாயைப் பிளந்துகொண்டு நின்றபோது, அவள் மட்டும், "அங்க காத்தே இல்லையாமே சார், அப்பப் பப்பாளிக் காம்ப வச்சு இளநி உறிஞ்சுனா வாய்க்கு வருமா வராதா?" என்று கேட்டாளாம். கூட்டத்தில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கூட்டத்தை நடத்திய சிதம்பரம் சார் சிரிக்கவில்லை. "வராதும்மா" என்று சொல்லிவிட்டு, எல்லோர் முன்னாலும் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். உழுது பிழைக்கிற ஒரு சம்சாரி வீட்டு மருமகளுக்குக் காலேஜ்காரர் எதற்குக் கும்பிடு போட்டார் என்பது முன்கதை தெரிந்தால்தான் விளங்கும்.

பொன்னழகு பிறந்தது அரியக்குடிப் பக்கம். எட்டாவது வரை படித்தாள். அதில் பாதி நாள் பெஞ்சு மேல் நின்று படித்தது. கழித்தலைக் கழித்தலால் பெருக்கினால் கூட்டல் எப்படி வரும், கடன்காரன் கடன்காரனோடு சேர்ந்தால் பணக்காரன் ஆகிவிடுவானா என்று கணக்கு வாத்தியாரிடம் கேட்டுவிட்டாள். அவருக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார். தெரியாததால் பெஞ்சு மேல் ஏற்றினார். அதற்காக அவள் கேட்பதை விட்டாளா என்றால் அதுதான் இல்லை. கல்யாணமாகிப் புறப்படும்போது அவள் அம்மா சீர்வரிசையை எல்லாம் எடுத்து வைத்துவிட்டுக் கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான்: "போற எடத்துல ஏன் எதுக்குன்னு வாயத் தொறந்துறாதத்தா."

அறுபத்தாறாம் வருடம் ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை சேவுகனுக்குக் கல்லலுக்கு நடந்து போகிற தூரத்தில் ஊர். சேவுகன் நல்லவன்தான். ஆனால் அப்பனுக்கு முன்னால் வாயைத் திறக்காத நல்லவன். அப்படிப்பட்ட நல்லவர்களைக் கட்டிக்கொண்டு என்ன செய்வது என்று இந்த உலகத்தில் யாரும் இதுவரை சொல்லித் தரவில்லை.

அவனுடைய அப்பா முத்துராமலிங்கத்துக்குக் கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நெல்வயலும், கிணற்றடியில் மேட்டு நிலமும் உண்டு. வாலிபத்தில் கானாடுகாத்தானுக்குச் செங்கல்லும் சுண்ணாம்பும் வண்டியில் ஏற்றிப் போய் இறக்கியவர். அரண்மனை மாதிரி எழும்பிக்கொண்டிருந்த செட்டியார் வீடுகளை வாசலோடு பார்த்துத் திரும்பியவர். தன் காலத்தில் தனக்கென்று அதே மாதிரி ஒன்றே ஒன்றையாவது கட்டிவிட வேண்டும் என்று அவருக்குள் ஒரு ஆசை ஊறிக்கிடந்தது. வீடு கட்ட வழியில்லை. அந்த நேரம் பார்த்து ஊருக்குக் கரண்டு வந்தது. கிணற்றில் கமலை இறைத்த மாட்டை விற்றுவிட்டு மோட்டார் வாங்கினார். முப்பது வருட ஆசையை எல்லாம் கொட்டி மோட்டாருக்கு ஒரு ரூம் கட்டினார்.

சும்மா சொல்லக் கூடாது, பார்க்கிறவர் கண் படும்படியான ரூம். செட்டியார் வீட்டு வேலை பார்த்த கொத்தனாரையே கூட்டி வந்திருந்தார். முட்டை வெள்ளைக்கரு போட்டுத் தேய்த்த சுவர், தலைவாசலில் இரண்டு யானை தண்ணீர் ஊற்றுகிற லட்சுமி. பெரிய வீடுகள் எல்லாம் உயர்ந்த மேடை மேல்தானே நிற்கின்றன? இதற்கும் இடுப்பளவு மேடை போட்டு, ஏறிப் போக நாலு படி வைத்தார். கல்லல் ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்தே லட்சுமி தெரிவாள். மோட்டார் அதற்குள்ளே சாமி மாதிரி உட்கார்ந்திருந்தது.

அந்தப் பக்கத்தில் எதைப் புதிதாகத் தொடங்கினாலும் வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் கையால் தொடங்குவது வழக்கம். கார்த்திகையில் ஒரு நல்ல நாள் பார்த்து, தேங்காய் உடைத்து, பொன்னழகைப் படியேற்றி சுவிட்சைப் போடச் சொன்னார்கள். அவள் போட்டாள். குழாயில் தண்ணீர் தொடை மொத்தத்துக்குப் பாய்ந்தது. ஊர் ஜனம் குலவை போட்டது. மாமியார் அம்மாக்கண்ணு அன்றைக்கு அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை எல்லோரும் பார்த்தார்கள்.

பங்குனியில் தண்ணீர் நின்றது.

கிணறு வற்றிப்போய் நின்றிருந்தால் யாரும் ஒன்றும் பேசியிருக்க மாட்டார்கள். கிணற்றில் தண்ணீர் இருந்தது. எட்டிப் பார்த்தால் முகம் தெரிந்தது. மோட்டாரும் ஓடியது. சரளைக் கல்லை அரைக்கிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் போட்டுவிட்டுக் குழாய் வெறும் காற்றைக் கக்கியது. மோட்டார் விற்ற கடையிலிருந்து ஆள் வந்து கழற்றினான், மாட்டினான், வாசர் மாற்றினான். "மோட்டார்ல ஒரு குத்தமும் இல்லைங்க, வேணும்னா இதவிடப் பெருசாப் போட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். தோட்டத்தில் மிளகாய் பூத்து நின்றது. கடலை விழுது இறங்குகிற சமயம். விற்ற மாட்டை எங்கே போய்த் திரும்பப் பிடிப்பது?

மோட்டாரில் குற்றமில்லை, கிணற்றில் குற்றமில்லை. அப்படியானால் குற்றம் எங்கே? நம் ஜனங்களுக்கு இந்தக் கேள்விக்கு விடை தேட ரொம்ப நேரம் ஆகாது. தொடங்கி வைத்த கை எது என்று பார்த்தார்கள். முதலில் வாய்க்காலில் பேசினார்கள், அப்புறம் வீட்டு வாசலில் பேசினார்கள், கடைசியில் அடுப்படியில் அம்மாக்கண்ணு பேசினாள். "வயித்துலயும் ஒன்னும் தங்கல, வயல்லயும் ஒன்னும் தங்கல. கைராசின்னு ஒன்னு இருக்குல்ல." பொன்னழகு அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்த கையை எடுத்துப் பார்த்தாள். கல்யாணமாகி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. அதுகூட அப்போது அவளுக்கு நினைவு வரவில்லை. ஒருவேளை அப்படித்தானோ என்றுதான் தோன்றியது. அடுத்தவர் சொல்வதைத் தாங்கிக்கொள்ளலாம், தனக்கே தோன்றிவிட்டால் அதற்கு மேல் எங்கே போய் ஒதுங்குவது?

முத்துராமலிங்கம் கெட்ட மனுசர் இல்லை. பயந்த மனுசர். ஒரு நாள் சாப்பிட்டு எழுந்தவர் மகனிடம் சொன்னார்: "வார அமாவாசை கழிச்சு அந்தப் புள்ளைய அவுக வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டு வா. மழை பேஞ்சு கெணறு நெறையட்டும், அப்பறம் பாத்துக்கிருவோம்."

பார்த்துக்கொள்வோம் என்றால் என்ன அர்த்தம் என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். மேலத்தெருவில் ஒருத்தியை அப்படித்தான் கொண்டுபோய் விட்டார்கள். அவளை யாரும் திரும்பப் பார்க்கவே இல்லை. சேவுகன் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றான். அன்றைக்குப் பொன்னழகு அழுது தீர்த்துவிட்டு, மறுநாள் புருசனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "போறதுக்கு முன்னாடி ஒரு தடவ என்னையச் சந்தைக்குக் கூட்டிப் போறீகளா? அங்குட்டு வாசகசாலையில யாரோ ஒரு சார் வந்து, என்ன கேட்டாலும் பதில் சொல்றாகளாமே."

"பொம்பளைக யாரும் போக மாட்டாக புள்ள."

"போனா உள்ள விட மாட்டாகளா?"

அடுத்து வந்த சந்தை நாளில் சேவுகன் அவளைக் கூட்டிப் போனான். குற்றம் நெஞ்சில் குத்தினால் இவ்வளவாவது செய்ய வேண்டாமா?

சிதம்பரம் சார் காரைக்குடி ஆசாரி வீட்டுப் பிள்ளை. அப்பா மர வேலை. இவர் படித்து ஒரு காலேஜ் லாபில் மாணவர்களுக்குச் சோதனை செய்து காட்டுகிற வேலையில் இருந்தார். ஒரு தடவை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த வெற்றிலைக்காரர், "நிலா ஏந்தம்பி நம்ம பஸ்ஸு கூடவே வருது?" என்று கேட்டாராம். விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. இத்தனை வருடம் லாபில் ஒரு பையன்கூடத் தன்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லையே என்று அவருக்கு உறைத்தது. அதிலிருந்து சந்தை நாளில் ரயிலேறி வந்து கூட்டம் போடத் தொடங்கினார். மொத்தமே பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவில் ஏன் இடைவெளி விடுகிறார்கள் என்று ஒருவர் கேட்பார். வட்டத்தைச் சுற்றி அளந்தால் குறுக்களவைப் போல மூன்று பங்கோடு நிற்காமல் அந்தச் சில்லறை எங்கிருந்து ஒட்டிக்கொள்கிறது என்று தையல்காரர் மல்லுக்கு நிற்பார். அங்கே ஒரே ஒரு சட்டம். கேள்வியைக் கரும்பலகையில் எழுத வேண்டும், பதில் கிடைக்கும்வரை அழிக்கக் கூடாது.

பொன்னழகு வாசல்படி ஓரமாக உட்கார்ந்து எல்லோரும் கேட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு எழுந்து நின்றாள். "கெணத்துல தண்ணி இருக்கு சார். மோட்டாரும் ஓடுது. கார்த்திகையில வந்த தண்ணி பங்குனியில ஏன் வரமாட்டேங்குது?"

ஒருவன், "மோட்டாருக்கு வேக்காடு தாங்கலையோ என்னவோ" என்றான். சிரிப்பு. சிதம்பரம் சார் கரும்பலகையில் கேள்வியை எழுதினார். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் திரும்பி, "எனக்குத் தெரியலைம்மா" என்றார்.

இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று பொன்னழகுக்குத் தோன்றியது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், தெரியவில்லை என்று வாயால் சொன்ன முதல் வாத்தியாரை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"அடுத்த சந்தைக்கு வாங்க. அதுக்குள்ள ஒன்னு செய்யுங்க. தண்ணி அடியோட வரலையா, கொஞ்சம் வந்துட்டு நிக்குதா, நிக்குறப்பக் கெணத்துல தண்ணி எங்க நிக்குது, இதை மட்டும் பாத்துட்டு வாங்க."

"அடுத்த சந்தைக்கு மறுநா அமாவாசை சார்" என்றாள். அவருக்கு அது எங்கே புரியப் போகிறது? "அதனால என்ன?" என்று கேட்டார்.

அந்த வாரம் முழுக்கப் பொன்னழகு கிணற்றடியே கதியாகக் கிடந்தாள். அம்மாக்கண்ணு, "போற நேரத்துல கெணத்த ஏன் சுத்திக்கிட்டு இருக்கா, எதையாச்சும் பண்ணிக்கிறப் போறா" என்று மகனைக் காவலுக்கு அனுப்பினாள். காவலுக்கு வந்தவன் சுவிட்சைப் போடுகிற வேலையைப் பார்த்தான். காலையில் ஊற்று ஏறியிருக்கும்போது தண்ணீர் கொஞ்ச நேரம் வருவதையும், பிறகு நின்றுவிடுவதையும் இரண்டு பேருமாகப் பார்த்தார்கள். கிணற்றுச் சுவர் செம்மண் நிறத்துச் செம்பூரான் கல். அதில் ஒரு கல்லில் மட்டும் வெள்ளையாக ஒரு கீற்று ஓடும். தண்ணீர் அந்த வெள்ளைக்கீற்றுக்கு மேலே இருந்தால் குழாயில் வரும், கீழே இறங்கினால் நின்றுவிடும். முதல் நாளும் அப்படித்தான், மறுநாளும் அப்படித்தான். சேவுகனுக்கே ஆச்சரியம். "ஏ புள்ள, எவனோ அந்தக் கல்லுல கோடு கிழிச்சு வச்சு, இதத் தாண்டக் கூடாதுன்னு சொல்லி வச்ச மாதிரில்ல இருக்கு?"

அடுத்த சந்தையில் அவள் இதைச் சொன்னதும் சிதம்பரம் சாரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. குழந்தைக்குப் பல் முளைத்ததைப் பார்த்த தகப்பன் மாதிரி ஆகிவிட்டார். "ஒரே கல்லா? தினமும் அதே கல்லா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு தையல்காரரை அனுப்பி ஒரு பப்பாளிக் காம்பும் சொம்புத் தண்ணீரும் கொண்டுவரச் சொன்னார்.

"உறிஞ்சும்மா" என்றார். உறிஞ்சினாள்.

"தண்ணிய மேல ஏத்துனது யாரு?"

"நாந்தான்."

"இல்லை. நீங்க காம்புக்குள்ள இருந்த காத்தைத்தான் எடுத்தீங்க. நம்ம தலைக்கு மேல இருக்கே இம்புட்டுக் காத்து, அது சொம்புத் தண்ணிய மேலருந்து அமுக்கிக்கிட்டே இருக்கு. காம்புக்குள்ள காத்து இல்லாமப் போகவும் தண்ணிய அதுதான் உள்ள தள்ளி ஏத்துது. மோட்டாரும் உங்களை மாதிரித்தான், குழாய்ல இருக்குற காத்தை எடுக்குது, அவ்வளவுதான். தண்ணிய அது இழுக்கலை. வெளிக்காத்து தள்ளுது. அந்தக் காத்துக்கு இருக்குற தெம்பு முப்பத்து நாலு அடிதான். அதுக்கு மேல ஒரு விரக்கடை ஏத்துன்னாலும் அதால முடியாது. அதுவும் எல்லாம் சுத்தமா இருந்தாத்தான் முப்பத்து நாலு. நம்ம மோட்டார், குழாய், கசிவு எல்லாம் போக இருபத்தஞ்சு கிடைச்சாலே பெருசு."

"அப்பப் பெரிய மோட்டாராப் போட்டா?"

"மோட்டாரைப் பெருசாக்கலாம். காத்தைப் பெருசாக்க முடியுமா?"

"மோட்டார் தண்ணிய மேல தள்ளுறதுக்கும் இதே அளவுதானா?"

"அதுக்கு இந்த அளவு கெடையாது. தள்ளுறது மோட்டாரோட சொந்தத் தெம்பு. கீழ தண்ணிக்குப் பக்கத்துல எறக்கி வச்சீங்கன்னா அங்கருந்து தள்ளி ஏத்திரும்." சொல்லிவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்து தலையைச் சொறிந்தார். "கண்ணாடிக் குழாய்ல பாதரசத்தை வச்சு இதையே வருசா வருசம் பசங்களுக்குச் செஞ்சு காட்டுறேன். அதுவும் ஒரு கெணறுதான்னு எனக்கு இத்தனை நாள் தோணவே இல்லை பாருங்க."

எல்லோரும் பேசத் தொடங்கினார்கள். பொன்னழகு உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தாள்.

"இன்னொன்னு கேக்கணும் சார். சுவிட்ச யாரு போட்டதுங்கிறது இந்தக் கணக்குல எங்கயாச்சும் வருதா?"

சிதம்பரம் சாருக்குக் கேள்வி விளங்கவில்லை. சேவுகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு ஏதோ கொஞ்சம் பிடிபட்டிருக்க வேண்டும். நிதானமாகச் சொன்னார்: "வரலைம்மா. காத்தோட அமுக்கம் வருது, தண்ணியோட கனம் வருது, உயரம் வருது. கைக்கு அதுல எடமே இல்லை."

"எந்தக் கையா இருந்தாலுமா?"

"எந்தக் கையா இருந்தாலும்."

பத்துப் பேருக்கு முன்னால் தேம்பிவிடக் கூடாதே என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. ஆனால் அவள் நெஞ்சிலிருந்து இறங்கினால் போதுமா? மாமனார் நெஞ்சிலிருந்து இறங்க வேண்டுமே. வீடு நெருங்கியதும் சேவுகன், "நான் சொல்றேன் புள்ள" என்றான். சொல்லவும் செய்தான், அது பெரிய விசயம்தான். ஆனால் முத்துராமலிங்கம் அவனைப் பாதியிலேயே நிறுத்தினார். "லட்சுமி போட்டுக் கட்டுன ரூம விட்டுப்புட்டு மோட்டாரக் கெணத்துக்குள்ள எறக்கவா? காத்துக்குத் தெம்பு இல்லையாம்ல. ஆடி மாசத்துல வந்து பாக்கச் சொல்லுடா அந்தச் சாரை, கூரை ஓட்டையே தூக்கிட்டுப் போகும்."

பொன்னழகு அதுவரை மாமனாருக்கு நேராக நின்று பேசியதில்லை. கதவுக்குப் பின்னால் நின்றே பேசினாள். "மாமா, நாளைக்கு அமாவாசை. நாளான்னைக்கு நான் போயிருவேன். நாளைக்கு ஒரு நா மட்டும் என் கை படாம வேற யாராச்சும் போடட்டும். யாரு கை நல்ல கைன்னு நீங்க சொல்றீகளோ அவுகளே போடட்டும். தண்ணி அந்த வெள்ளைக்கீத்துக் கல்லுக்குக் கீழ எறங்குனதுக்கு அப்பறமும் வந்துச்சுன்னா, கைதான் காரணம்னு நானே ஒத்துக்கிட்டுப் போறேன்."

இதற்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்? மறுநாள் கிணற்றடியில் தெருவே கூடிவிட்டது. முதலில் முத்துராமலிங்கம் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு, தன் கையால் போட்டார். தண்ணீர் வந்தது. முகம் மலர்ந்தது. வெள்ளைக்கீற்றுத் தெரிந்ததும் நின்றது. ஊற்று ஏறும்வரை காத்திருந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். எதிர்வீட்டு நாச்சியார், ஆறு ஆண்பிள்ளை பெற்றவள். விதை எடுத்துக் கொடுக்கவும் புது உலையில் முதல் அரிசி போடவும் ஊரே அவளைத்தான் தேடும். அவ்வளவு பேர் பெற்ற கை. நாச்சியாரும் மஞ்சள் பூசிக் குளித்து, கொண்டையில் பூ வைத்து, படியேறி வந்து ஒரு தோரணையோடு சுவிட்சைப் போட்டாள். அதே கல்லில் நின்றது. நாச்சியாரின் முகத்தில் ஈயாடவில்லை. "எனக்கு முன்னாடியே யாரோ கண்ணு வச்சுட்டாக" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். சாயங்காலம், பூசாரியைக் கூப்பிட்டுப் போடச் சொன்னார்கள். அவர் விவரமான ஆள், "என்னைய எதுக்குப்பா இழுக்குறீக" என்று தயங்கினார். விடவில்லை. அவர் கைக்கும் அதே கல்தான்.

கடைசியாகச் சேவுகன் பெண்டாட்டியைப் பார்த்து, "நீ போடு" என்றான். அப்பனைக் கேட்காமல் அவன் சொன்ன முதல் வார்த்தை அது. பொன்னழகு போட்டாள். மற்றவர்களுக்கு நின்ற அதே இடத்தில் நின்றது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

முத்துராமலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றுக்குள் ரொம்ப நேரம் பார்த்தார். "ஆக, நாங் கட்டுன மேடைதான் தண்ணிய நிப்பாட்டியிருக்கு" என்றார். அந்த இடுப்பளவு மேடை இல்லாமல் இருந்தால் இன்னும் சில நாள் தண்ணீர் வந்திருக்கும், அவ்வளவுதான். பங்குனியில் இல்லாவிட்டால் சித்திரையில் நின்றிருக்கும். ஆனாலும் அவர் அதை எல்லார் முன்னாலும் தன் தலையில் ஏற்றுக்கொண்டார். அதற்காகவே அவரை மன்னித்துவிடலாம். அரண்மனையைப் பார்த்து மோட்டாருக்கு மேடை போட வேறு எந்தச் சீமையில் ஒரு மனுசனுக்குத் தோன்றும்?

கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் உள்ள கல்திட்டில் பலகை போட்டு மோட்டாரை இறக்கினார்கள். சிதம்பரம் சார் காரைக்குடியிலிருந்து சைக்கிளிலேயே வந்து சேர்ந்திருந்தார். அங்கே இருந்தவர்களிலேயே அதிகமாகப் பயந்துபோயிருந்தது அவர்தான். லாபில் சோதனை பொய்த்துப் போனால் மறுபடி செய்துகொள்ளலாம். இங்கே ஒரு பெண்ணின் வாழ்க்கை அல்லவா கயிற்றில் தொங்குகிறது? சேவுகன் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். மோட்டார் ஓடியது. தண்ணீர் வெள்ளைக்கீற்றைத் தாண்டி இறங்கியது. குழாயில் அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. சிதம்பரம் சார் அப்படியே வாய்க்கால் கரையில் உட்கார்ந்து மூச்சு விட்டார். பொன்னழகு மிளகாய்ப் பாத்திக்குள் ஓடிப் போய், தண்ணீர் பாய்ந்த சேற்றில் நின்றுகொண்டு வாய்விட்டு அழுதாள். அவளை அழ வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அவளை எங்கும் கொண்டுபோய் விடவும் இல்லை.

மோட்டார் இல்லாத மோட்டார் ரூமில் முத்துராமலிங்கம் கட்டிலைப் போட்டுக்கொண்டார். ரோட்டில் போகிறவர்கள் யாராவது வந்து, மோட்டார் எங்கே என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. காற்றின் தெம்பு முப்பத்து நாலு அடி என்று ஆரம்பித்து, கேட்டவர் பஸ்ஸை விடுகிறவரைக்கும் விளக்குவார். மழைக்காலத்தில் திட்டு முங்குவதற்குள் மோட்டாரைச் சங்கிலி போட்டுத் தூக்கி மேலே வைப்பதும், கோடையில் இறக்குவதும் அந்த வீட்டில் ஒரு வேலையாகிவிட்டது. பக்கத்து ஊர்க்காரர்களும் பார்த்துப் பார்த்து இறக்கிக்கொண்டார்கள்.

பொன்னழகு கேள்விக் கூட்டத்தை விடவில்லை. வயிற்றில் பிள்ளையோடும் போனாள், இடுப்பில் பிள்ளையோடும் போனாள். கழித்தல் கணக்கை அங்கேதான் தீர்த்துக்கொண்டாள். கடனைக் கழித்தால் கையில் மிச்சப்படுகிறதல்லவா என்று சிதம்பரம் சார் சொன்னதும், பெஞ்சு மேல் நின்ற நாளையெல்லாம் நினைத்து அவருக்கு முன்னாலேயே சிரித்தாள். எழுபதாம் வருடத்தில் அவளைப் பார்த்து இன்னும் நாலு பெண்கள் அங்கே வந்து உட்கார்ந்தார்கள்.

அம்மாக்கண்ணு மட்டும் அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. அன்றைக்குச் சொன்ன சொல்லுக்கு வருத்தப்பட்டதாகவும் காட்டிக்கொள்ளவில்லை. மருமகள் சந்தைக்குக் கிளம்பினால் பேசாமல் பிள்ளையை வாங்கிக்கொள்வாள். அப்படிப்பட்டவள் எழுபத்தொன்றில் ஒரு சந்தை நாளில், பிள்ளையைச் சேவுகனிடம் கொடுத்துவிட்டு, நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, "நானும் வாரேன்" என்றாள். எதற்கு என்று கேட்கப் பொன்னழகுக்கே பயமாக இருந்தது.

வாசகசாலையில் அம்மாக்கண்ணு எல்லாக் கேள்வியும் முடியும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்திருக்காமலே கேட்டாள்.

"நான் கல்யாணமாகி வந்த வருசம், நான் வந்த பத்தாம் நா, எங்க வீட்டு உழவு மாடு ரெண்டும் செத்துப்போச்சு. கறவை மாடும் செத்துச்சு. நான் காலடி எடுத்து வச்ச நேரம்னு எங்க மாமியா சாகுற வரைக்கும் சொன்னாக. அதுக்கும் ஏதாச்சும் கணக்கு இருக்குமா?"

பொன்னழகு மாமியாரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

சிதம்பரம் சார் கேட்டார்: "மாடு எப்படி இருந்துச்சு, சாகுறதுக்கு முன்னாடி?"

"வாயெல்லாம் புண்ணு. கண்ணுல தண்ணியா ஊத்துச்சு. கழிஞ்சுக்கிட்டே கெடந்துச்சு."

"வெக்கை நோய் மாதிரி தெரியுதும்மா. ஒரு மாட்டுல இருந்து இன்னொரு மாட்டுக்கு ஒட்டுறது. அப்பத் தடுப்பூசி இந்தப் பக்கம் வந்திருக்காது. அந்த வருசம் ஊர்ல வேற யாரு வீட்டுலயாச்சும் மாடு செத்துச்சா?"

"செத்துச்சு. பாதி ஊரு மாடு செத்துச்சு. எங்க பெறந்த ஊர்லயும் செத்துச்சு."

"அங்கல்லாம் யாரு காலடி எடுத்து வச்சா?"

அம்மாக்கண்ணு முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு எழுந்தாள். அன்றைக்குக் கரும்பலகையில் அந்தக் கேள்வியை எழுதவே இல்லை.

திரும்பி வரும்போது மாமியாரும் மருமகளும் சேர்ந்தே நடந்தார்கள். பாதி வழியில், கண்மாய்க்கரை ஏறுகிற இடத்தில், அம்மாக்கண்ணு அப்படியே கீழே உட்கார்ந்தாள். பொன்னழகு பதறிப்போய், "அத்தை, என்ன செய்யுது?" என்று தோளைப் பிடித்தாள்.

"ஒன்னும் செய்யல" என்றாள் அம்மாக்கண்ணு. "முப்பத்தஞ்சு வருசம் சொமந்தத எறக்கி வச்சிருக்கேன். செத்த நேரம் உக்காந்துக்கிறேன், இருடி."

கண்மாயைப் பார்த்தபடியே, "எனக்கு இருந்த மாதிரியே உனக்கும் இருந்திருக்கும்ல" என்றாள். பொன்னழகு பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.